அலை கழுவிய முகம்

அறுபது பேருக்கு உடம்பு முழுக்கப் பழுப்புச் சாயம் பூசுவது என் வேலை. டோக்கியோவில் பிறந்து வளர்ந்து, டிராம் பிடித்து ஸ்டூடியோவுக்கு வருகிற அறுபது பேர். மதியத்துக்குள் அவர்களைத் தென்கடல் தீவுவாசிகளாக்கி, ராட்சத மிருகத்தைக் கும்பிட வைக்க வேண்டும். மிருகம் என்பது ரப்பர் உடைக்குள் வியர்த்துச் சாகும் ஓர் ஆள். நிஜத் தீவுக்காரர் ஒருவரைக்கூட எங்கள் கம்பெனி கூப்பிட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "அதான் சாயம் இருக்கே!" என்பார்கள். கண்றாவி!

அந்தக் கும்பலில் சாயம் தேவைப்படாதவள் மிஸாவோ ஒருத்திதான். பதினாறு வயது. போர் முடிந்து வந்த அமெரிக்கக் கறுப்புச் சிப்பாயின் மகள். அப்பாவின் முகம் தெரியாது. நாலு வயதில் அம்மா அவளை அநாதை விடுதியில் விட்டுவிட்டு, யோகோசுகா ஊரில் வேறொருவரைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, வருஷப் பிறப்புக்கு அம்மா பிள்ளைங்களோட மிருகப் படம் பாக்கப் போவாங்கன்னு விடுதியில சொன்னாங்க. என் மூஞ்சி ஒரு நொடி வந்தாப் போதும். இதை வச்சே கண்டுபிடிச்சிடுவாங்க," என்று இடப் புருவத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டினாள். அம்மா கைதவறிக் கொட்டிய வெந்நீர் போட்ட தழும்பு அது.

கெஞ்சிக் கூத்தாடி அவளை முன்வரிசையில், அலறுகிற பெண்ணாக நிற்க வைத்தேன். ஒத்திகையில் காமிரா வழியே பார்த்த உதவி டைரக்டர் இனாமி முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா ஹட்சுயே, அந்தப் பொண்ணு மட்டும் ஒட்டலையே. அவளுக்கும் பூசு."

"அவ நிறமே அதுதானே சார்! மத்ததுங்கதான் வேஷம்."

"அவ பக்கத்துல நின்னா மத்தவங்க பொய்யாத் தெரியறாங்கம்மா! நாளைக்குப் பூசு. இல்லேன்னா அவளை வீட்டுக்கு அனுப்பு."

மிஸாவோ என் முழங்கையை விடவே இல்லை. "தழும்பு மறைஞ்சிடும்க்கா. அப்புறம் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? எனக்கு வேற வழியே இல்லக்கா."

சாயச் சட்டிகளைக் கழுவ உட்கார்ந்தேன்.

மறுநாள் காட்சியில் பெரிய தண்ணீர்த் தொட்டிகளைக் கவிழ்ப்பார்கள். அந்த அலையில் குடிசைகள் நொறுங்கும், ஆகவே ஒரே தடவைதான் படம் பிடிக்க முடியும். சாயம் தண்ணீருக்குத் தாங்க வேண்டுமென்றால் பசை கலக்க வேண்டும். பதினோரு வருஷமாக நான் மறந்ததில்லை. அன்றும் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் கலக்காமல் விட்டேன். அதைத்தான் அறுபது பேருக்கும் பூசினேன், மிஸாவோவுக்கும் பூசினேன். தழும்பின் மேல் பூசும்போது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அலை வந்தது. தீவு முழுக்க வெளுத்தது. கன்னமெல்லாம் வெள்ளைக் கோடு, தரையெல்லாம் பழுப்புச் சேறு. "ஐயோ, போச்சே!" என்று இனாமி தலையில் அடித்துக்கொண்டார். நிறம் மாறாமல் நின்றவள் மிஸாவோ மட்டும்தான். தழும்பு பளிச்சென்று தெரிய, வாய் நிறைய அலறிக்கொண்டிருந்தாள்.

குடிசைகளை மறுபடி கட்ட நாளில்லை. தூரத்துக் கூட்டத்தையும், கிட்டத்தில் அவள் முகத்தையும் வைத்து ஒப்பேற்றினார்கள். எட்டு நொடி. என்னை அன்று சாயங்காலமே வெளியே தள்ளினார்கள். தள்ளினால் தள்ளட்டும், போங்கடா!

வருஷப் பிறப்பன்று யோகோசுகா தியேட்டரில் காலைக் காட்சியிலிருந்தே இருவரும் காத்திருந்தோம். மூன்றாம் காட்சிக்கு அவள் அம்மா வந்தாள், இரண்டு பையன்களோடு. எங்களைக் கவனிக்காமல் எங்களுக்கு முன்வரிசையிலேயே உட்கார்ந்தாள். சட்டைக்குள் வைத்திருந்த அம்மாவின் பழைய போட்டோவை மிஸாவோ எடுத்துப் பார்த்துவிட்டு, என் கையை நொறுக்குகிற மாதிரி பிடித்தாள்.

திரை முழுக்க மிஸாவோவின் முகம் வந்தது.

சின்னவன் கேட்டான். "அம்மா, அந்த அக்கா நிஜமாவே தீவுக்காரியா?"

அம்மாவின் விரல் தன் இடப் புருவத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. முகம் திரையைவிட்டுப் போன பிறகும் விரல் இறங்கவில்லை.

"இல்லடா," என்றாள். "எல்லாம் சாயம். கழுவினாப் போயிடும்."

மிஸாவோ என் கையை விட்டாள்.

"அம்மா என்னைக் கண்டுபிடிச்சிட்டாங்கக்கா," என்றாள் மெதுவாக. "வாங்க, போயிடலாம்."