சிவப்புச் சீட்டு கட்டிய பறவை

டாக்டர் வார்ட் தபாலில் அனுப்பியிருந்த கட்டுரையைச் சேனாபதி கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்கினான். கூட இருந்த கடிதம் அப்படித்தான் சொன்னது. மறைந்த உங்கள் மனைவிக்கு எங்கள் மரியாதை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

நியூகினி மலைகளில் வாழும் ஒரு தேனுண்ணிப் பறவையின் கிளையினத்துக்குக் கண்மணியின் பெயரை வைக்கிறார்களாம். அதற்குக் கீழே நன்றியுரை. 'பறவைத் தோல்களை அளந்து உதவிய தன்னார்வலர், காலஞ்சென்ற திருமதி சேனாபதிக்கு.' முதல் பக்கத்துக்குப் போனான். எழுதியவர் என்று ஒரே ஒரு பெயர் இருந்தது. வார்ட்.

கடிதத்தின் அடியில் பேனாவால் ஒரு வேண்டுகோள். அவளுடைய அளவு நோட்டுகள் வீட்டில் இருந்தால் சனிக்கிழமை கொண்டுவர முடியுமா?

ஜனவரியில் ரூட் ஒன் நெடுஞ்சாலையில், உறைந்த பாலத்தின் மேல் கார் சறுக்கிக் கண்மணி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இந்த நான்கு மாதமும் அவன் வேலைக்குப் போனான், பக்கத்து வீட்டு ஷ்யாமளா ஆன்ட்டி கொண்டுவந்த சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டான், டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தான். அழவில்லை. சமையலறையில் நின்றபடி அந்த நன்றியுரையை மறுபடி படித்துவிட்டுக் கட்டுரையை மேடையில் ஓங்கிப் போட்டான். கோபம்தான். வேறொன்றும் இல்லை.

கண்மணி கோவையில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள். அவன் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவளுக்கு இங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. அதனால் ஹாலோவே அருங்காட்சியகத்தில், வார்டின் பறவைப் பிரிவில், இரண்டு வருஷம் சும்மா வேலை செய்தாள். பிளெய்ன்ஸ்பரோ வீட்டிலிருந்து அவன் கொண்டுபோய்விட, பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ஏழு பதினாறு ரயில். கழுத்தில் தன்னார்வலரின் நீல அட்டை.

அங்கே இழுப்பறைகளில் பஞ்சு அடைத்த பறவைத் தோல்கள் மல்லாந்து கிடந்தன. ஒரு பறவைக்கு முதன்முதலாகப் பெயர் வைக்கும்போது எந்தத் தோலைப் பார்த்து வைத்தார்களோ, அதன் காலில் மட்டும் சிவப்புச் சீட்டு. பெயர் அந்த ஒரு தோலுக்குத்தான் சொந்தம். மற்றவையெல்லாம் அதைப் போல இருப்பதால் அந்தப் பெயரைச் சுமப்பவை.

மலைத் தேனுண்ணியின் சிவப்புச் சீட்டுப் பறவை 1911-இல் வந்தது. சீட்டில் ஏழாயிரம் அடி உயரம் என்று இருந்தது. ஒருநாள் அதன் வயிற்றுத் தையல் லேசாக விட்டிருந்ததைக் கண்மணி பார்த்தாள். உள்ளே பஞ்சு இல்லை. தென்னை நார்.

பொள்ளாச்சியில் நார் மில்லில் மேஸ்திரியாக இருந்தவரின் மகள் அவள். தேங்காய் ஏழாயிரம் அடியில் காய்க்காது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அது கடற்கரையில் ஒரு வியாபாரி அடைத்து விற்ற தோல். இறக்கையை அளந்தாள், கடற்கரையில் வாழும் பறவையின் அளவுக்குச் சரியாக இருந்தது. கடற்கரைப் பறவைக்கு ஏற்கெனவே வேறு பெயர் உண்டு. அப்படியானால் உண்மையான மலைப்பறவை எண்பத்தேழு வருஷமாக அடுத்தவன் பெயரில் இருந்திருக்கிறது. அதற்கென்று ஒரு பெயரே இல்லை. அறுபத்தொரு தோல்களை அளந்து, டிசம்பரில் கட்டுரை எழுதி, அதற்கு ஒரு பெயரும் வைத்து, வார்டிடம் படிக்கக் கொடுத்தாள். நுபிகோலா. லத்தீனில், மேகத்தில் வசிப்பது. வார்டின் பெயரில் வந்திருந்தது அதே கட்டுரைதான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து காரில் வரும்போது நசுருதீனிடம் இதைச் சொன்னான். ஒரே கம்பெனியில் இருவரும் இரண்டாயிரமாவது வருஷத்துக்காகப் பழைய புரோகிராம்களைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

"டேய் சேனா, ஒரு பறவைக்கே அவங்க பேரு வைக்கிறான். இதவிட என்னடா வேணும்? பாசிட்டிவா எடுத்துக்கோ."

"எழுதினவங்க பேரு பறவை பேருக்குப் பின்னாடி வரும். அது காலத்துக்கும் நிக்கும். தான் எழுதினதுக்குத் தன் பேரையே வெச்சுக்கக் கூடாது. சட்டம் இல்ல, அது அவங்க வழக்கம். அப்படி வெச்சுக்கிட்டா சிரிப்பாங்க."

நசுருதீன் சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டு யோசித்தான்.

"அப்போ அவங்க பேர முன்னாடி வெச்சாலே, எழுதினது அவங்க இல்லன்னு ஆயிடும்."

"ஆமா. பூ வெச்சு வெளிய அனுப்புறான்."

வார்டின் கடிதம் கண்மணியின் அப்பா கருப்பசாமிக்கும் போயிருந்தது. அன்றிரவே அவர் பொள்ளாச்சியிலிருந்து கூப்பிட்டார். மகள் இறந்த பிறகு அவர் குரலில் உயிர் இருந்தது அன்றுதான். மில்லில் சொல்லிப்போட்டாராம், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கடிதத்தைப் படித்துக் காட்டினாராம், உள்ளூர் நிருபர் படம் கேட்டிருக்கிறாராம். "தேன்சிட்டுங்களா மாப்ள அது?" என்று கேட்டார். இல்லை, அது வேறு, நம் ஊரில் கிடையாது என்றான். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த மனிதரிடமிருந்து அந்தச் சந்தோஷத்தையும் பிடுங்கவேண்டிய வேலையை வார்ட் இவன் தலையில் கட்டிவிட்டதை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு அதே ஏழு பதினாறில் போனான்.

வார்ட் உயரமான, மென்மையாகப் பேசும் மனிதர். தோளைத் தொட்டார். இழுப்பறையைத் திறந்து சிவப்புச் சீட்டுப் பறவையைக் காட்டினார். கண்மணிக்கு நல்ல கண் என்றார். முப்பது வருஷமாகத் தான் காத்துவரும் பறவைகள் என்றார். தன்னார்வலர்கள் கட்டுரையில் கையெழுத்திடுவது இங்கே வழக்கமில்லை, இறந்தவர் பெயரில் அனுப்பினால் ஆய்வுப் பத்திரிகைக்காரர்களின் கேள்விக்கு யார் பதில் சொல்வது, பெயர் சூட்டுவதைவிடப் பெரிய மரியாதை தங்கள் துறையில் கிடையாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

சேனாபதி கேட்டுக்கொண்டே பறவையைப் பார்த்தான். வயிற்றில் ஒரு நார் இழை தெரிந்தது. முப்பது வருஷம்.

"அப்படியானால் பறவைக்கு உங்கள் பெயரை வையுங்கள், டாக்டர்," என்றான். "எழுதியவர் இடத்தை அவளுக்கு விடுங்கள். அவ்வளவு பெரிய மரியாதையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்."

வார்டின் முகம் சிவந்தது. இழுப்பறையை மெதுவாக மூடினார். நோட்டுகள் அருங்காட்சியகத்தின் நேரத்தில் எழுதப்பட்டவை என்று தொடங்கினார்.

"அந்த நேரத்துக்கு நீங்கள் சம்பளம் கொடுக்கவில்லை," என்றான் சேனாபதி. குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

அந்த ஞாயிறு முழுக்க ஆபீஸ் ஜெராக்ஸ் இயந்திரத்தின் முன் நின்றான். நோட்டுகளின் நகல், அவள் டிசம்பரில் அடித்த கட்டுரை, அது படிக்கக் கிடைத்ததாக வார்ட் அவளுக்கு எழுதிய இரண்டு வரிக் கடிதம், எல்லாவற்றையும் கட்டி, வார்டின் கட்டுரை வெளிவரவிருந்த ஆய்வுப் பத்திரிகையின் ஆசிரியருக்கு அனுப்பினான். மூன்று வாரத்தில் பதில் வந்தது. டாக்டர் வார்ட் தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், காரணம் எழுதவில்லை. உங்கள் மனைவியின் கட்டுரையை டிசம்பர் இதழில் போடுகிறோம். இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும்.

முதலில் பொள்ளாச்சிக்குப் போன் செய்தான். பறவைக்கு அவள் பெயர் இருக்காது மாமா என்றான். ஏன் என்று சொன்னான்.

"ஊரெல்லாம் சொல்லிப்போட்டனுங்களே மாப்ள," என்றார் கருப்பசாமி. பிறகு, "பேப்பர்லயும் படம் வந்துருச்சு." பிறகு கேட்டார். "நாரக் கண்டுபுடிச்சது எம்புள்ளதானுங்களே?"

"அவதான் மாமா."

"அவளே எழுதுனதுங்களா?"

"ஒவ்வொரு வரியும்."

"அப்பறம் எதுக்குங்க அவன் பேரு? வெட்டிவுடுங்க," என்றார். அவருக்கும் கோபம் வந்திருந்தது. அது சேனாபதிக்கு ஆறுதலாக இருந்தது.

படிவத்தை மேஜையில் வைத்தான். எழுதியவரின் குடும்பப்பெயர் என்று ஒரு பெட்டி. பறவையின் பெயருக்குப் பின்னால் அதுதான் அச்சாகும்.

இந்தப் பெட்டியை அவன் ஏற்கெனவே ஒரு முறை நிரப்பியிருக்கிறான். கல்யாணமான புதிதில், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில். குடும்பப்பெயர் என்று நமக்கு ஒன்று கிடையாது. வரிசை நீளமாக இருந்தது, அவளைக் கேட்காமல் தன் பெயரையே எழுதிவிட்டான். "எம்பேருக்குப் பின்னாடி நீங்க எதுக்கு நிக்கறீங்க, காவலுக்கா?" என்று அவள் சிரித்தாள். அதிலிருந்து ரயில் பாஸ், நீல அட்டை, மருத்துவமனையில் கையில் கட்டிய வளையம், எல்லாவற்றிலும் சேனாபதி. கடைசியில் அந்த நன்றியுரையிலும். வார்ட் அந்தப் பெயரைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. கொடுத்தவன் இவன்.

அவள் அடித்த கட்டுரையின் முதல் பக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். தலைப்புக்குக் கீழே, ஊரில் பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்தது போலவே, அப்பா பெயரின் முதலெழுத்து முன்னாலும் தன் பெயர் பின்னாலுமாக அவளே அடித்திருந்தாள். கே. கண்மணி.

பேனாவை அழுத்திப் பிடித்து, அதைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் பெட்டியில் எழுதினான்.