பன்னிரண்டில் ஒன்பது

பள்ளியில் அந்தக் கணக்கு ஆசிரியருக்குத் 'தசமம் சார்' என்றே பெயர். எந்தப் பின்னத்தைக் கொடுத்தாலும், அதன் தசமம் ஓர் இடத்தில் முடியுமா, முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வருமா என்பதை வகுத்துப் பார்க்காமலே, "இது நிக்கும், அது சுத்திக்கிட்டே இருக்கும்" என்று சொல்லிவிடுவார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு, மனைவியின் பெயரே சில நாள் அவர் வாயில் வராது.

எட்டு மாத விடுப்பு முடியப்போகிறது. அவரால் மறுபடி வகுப்பெடுக்க முடியுமா என்று வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். மனைவி தையல்காரி, ஏழாவதோடு படிப்பை விட்டவள். துணி வெட்டும் மேசையில் அவருடைய புத்தகத்தை விரித்து, தானே படித்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"கீழ இருக்கிற எண்ணை உடைச்சுப் பாருங்க. ரெண்டும் அஞ்சும் மட்டும் வந்தா நிக்கும். மூணு, ஏழுன்னு வேற எது வந்தாலும் சுத்தும். ஆனா முதல்ல சுருக்கிடணும்."

"தெரியும்மா. நான்தானே இதை..." என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவார்.

காலையில் சொன்னது மதியத்துக்குள் கரைந்துவிடும். செவ்வாயன்று மட்டும் ஆறு பின்னங்களைத் தொடர்ந்து சரியாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் அவள் யாருடைய சட்டைக்கோ இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள்.

வியாழனன்று அவர் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியை மெதுவாகத்தான் கேட்டார்.

"எட்டுல மூணு, சார்?"

"நிக்கும்."

"ஏழுல ஒண்ணு?"

"சுத்தும்."

"பன்னெண்டுல ஒம்பது?"

அவர் விரல் மடக்கினார். "ரெண்டு, ரெண்டு, மூணு. மூணு இருக்கே. சுத்தும்."

உள்ளறையில் தையல் மெஷின் நின்றது. மூன்றால் சுருக்கினால் நாலில் மூன்று. புள்ளி ஏழு ஐந்து, அதோடு நின்றுவிடும். அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன பயன்?

"சுருக்கிப் பாத்தீங்களா சார்?"

"எதை?" என்று அவர் கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

தலைமையாசிரியை பேனாவை மூடினார். வாசலில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பது பிள்ளைங்க எதிர்ல உக்காந்திருக்கும்மா. நான் என்ன செய்யட்டும்?"

"புரியுதுங்க மேடம்."

அவள் உள்ளே வந்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"திங்கக்கிழமையா வரச் சொன்னாங்க?"

"சொல்லி அனுப்புவாங்களாம்."

"கடைசியா கேட்டாங்களே, அது சரிதானே?"

"சரிதாங்க."

அவர் தலையாட்டிக்கொண்டார். அவள் மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். ஊசியின் காது கண்ணுக்குத் தெரியவில்லை.