மாடத்திலிருந்து இறங்கிய குவளை

கினுயோ எதையும் கடைசியில் உண்பவர். தஜிமி நகரத்தில் அவ்வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த நாள்முதல், அடுக்களைத் தொட்டியருகே நின்றவாறே, பிறர் உண்டது போக எஞ்சியதை விரைவாக உண்டு முடிப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஆறிய சோறும் பொரித்த மீனும் காத்திருக்கும் குணமுடையவை. ஆகவே அவற்றின்பொருட்டு அவர் வருந்தியதில்லை. கிரீம் சோடாவோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

ஆகஸ்டு நடுவில், இறந்தோர் வீடு திரும்பும் ஓபோன் நாட்களில், கணவர் மொரியோவின் உறவினர் அனைவரும் அங்கே கூடுவர். ஊரே அடுப்பாய்க் கொதிக்கும் அப்பருவத்தில், நான்கு வயதுக் குழந்தைமுதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மறைந்த மாமனார்வரை அனைவருக்கும் கிரீம் சோடா செய்வது கினுயோவின் பொறுப்பு. பச்சை நிற முலாம்பழப் பாகைக் குவளையின் அடியில் ஊற்றிப் பனிக்கட்டியை விளிம்புவரை நெருக்கி அடுக்க வேண்டும்; சோடாவை ஓரமாக மெல்ல வார்க்க வேண்டும். பனிக்கட்டியின்மேல் அமர்ந்தால்தான் ஐஸ்கிரீம் உருண்டை மிதக்கும். இல்லையேல் மூழ்கி, நுரையைப் பொங்கவைத்து மேசையை நனைத்துவிடும். பச்சைச் சோடா வெள்ளை உருண்டையைத் தொடுமிடத்தில் மொறுமொறுப்பான மெல்லிய படலமொன்று உறையும். அதன் ஆயுள் சில நிமிடங்களே. மணமாகுமுன் ரயில் நிலையத்தருகே ஒரு காப்பிக் கடையில் அதைச் சுவைத்தவர், அதன்பின் பிறருக்காகவே அதை உண்டாக்கி வந்தார்.

முதற்குவளை, வீட்டில் மறைந்தோரை வணங்கும் முன்னோர் மாடத்துக்கு, பின்னர் ஆண்களுக்கு, பின்னர் குழந்தைகளுக்கு. கினுயோவின் முறை வரும்போது ஐஸ்கிரீம் தீர்ந்திருக்கும். ஆதலால் இவ்வாண்டு, தமக்கென ஓர் உருண்டையைச் சிறு கிண்ணத்தில் எடுத்து, உறைபெட்டியின் மூலையில் உறைந்த பட்டாணிப் பைக்குப் பின்னால் வைத்திருந்தார்.

அனைவரும் குடித்துக்கொண்டிருந்தபோது, மொரியோவின் தமக்கை செத்சுகோ அடுக்களைக்குள் வந்தார்.

"கினுயோ, அப்பாவுக்கு வச்சது உருகி, குட்டைத் தண்ணியாட்டம் நிக்குது. மாடத்து முன்னாடி எல்லாரும் சேந்து போட்டோ எடுக்கணும். வேற ஒண்ணு போட்டு வை."

"ஐஸ்கிரீம் தீந்துடுச்சுக்கா."

செத்சுகோ அதை நம்பவில்லை. உறைபெட்டியைத் திறந்து பட்டாணிப் பையை விலக்கினார்.

"இதோ இருக்கே! யாருக்குடி ஒளிச்சு வச்சிருக்கே?"

"எனக்கு."

"உனக்கா?" செத்சுகோ வாய்விட்டுச் சிரித்தார். "நீதான் இதெல்லாம் தொடவே மாட்டியே!"

கினுயோவின் காதுகள் கொதித்தன. அவருக்குக் கிடைக்காததை அவருக்குப் பிடிக்காததாக இவர்கள் எப்போது மாற்றினார்கள்? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் தொடாததை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

பாய் விரித்த அறையிலிருந்து மொரியோவின் குரல் கேட்டது. "கொடுத்துடேன், கினுயோ. அப்பாவுக்குத்தானே? ஒரு கிரீம் சோடாவுக்கா மூஞ்சியத் தூக்கிவச்சுக்குவாங்க?"

ஒரு கிரீம் சோடாதான் என்றால், அதை இவர்களில் ஒருவர் எனக்கு விட்டுக்கொடுத்தால் என்ன என்று கினுயோ எண்ணினார். கண்ணாடிக் குவளை ஒன்றை எடுத்துத் துடைத்தார். எல்லாக் குவளைகளையும்விட நேர்த்தியாக அதனைச் செய்தார். உருண்டை சற்றும் சாயாமல் அமர்ந்தது. அதன் உச்சியில் ஒரு செர்ரியை வைத்தார்.

மாடத்தில் குவளையை வைத்து, மண்டியிட்டு, வெண்கலக் கிண்ண மணியை ஒருமுறை தட்டிக் கைகூப்பினார். படம் எடுக்கப்பட்டது. மணியோசை அடங்கியதும், அவர் இரு கைகளாலும் அக்குவளையை மாடத்திலிருந்து இறக்கினார்.

"ஏய், என்ன பண்றே? இப்பத்தானே வச்சே!" என்றார் மொரியோ.

"படைச்சத இறக்கிச் சாப்பிடறது வழக்கந்தானே? நேத்து மாமாவுக்கு வச்ச முலாம்பழத்த, ஊதுவத்தி அணையறதுக்கு முன்னாடியே இறக்கினது யாருங்க?"

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முயன்று இருமினார். மொரியோ தம் குவளைக்குள் பார்த்துக்கொண்டார்.

"அப்பா என்ன நெனப்பாரு?" என்றார் செத்சுகோ.

பேரக்குழந்தை நாகி, பச்சை மீசையோடு தலையைத் தூக்கினாள். "கொள்ளுத்தாத்தாவுக்கு வயிறு ரொம்பிடுச்சா?"

"ரொம்பிடுச்சுடா கண்ணு. அதான் எனக்குக் குடுத்துட்டாரு."

கினுயோ அடுக்களைக்குத் திரும்பவில்லை. குழந்தைகளுக்கும் ஆண்களுக்கும் இடையில், மின்விசிறிக்கு நேராக, உட்காரும் சிறு மெத்தை ஒன்றை இழுத்துப்போட்டு அமர்ந்தார். நீண்ட கரண்டியை ஓரத்தில் செருகியபோது, அம்மெல்லிய படலம் ஒலியெழ உடைந்தது.

செத்சுகோவின் கணவர் பழக்கத்தால் தம் வெற்றுக் குவளையைக் கினுயோ பக்கமாக நீட்டினார். "இன்னும் கொஞ்சம் சோடா..."

"அடுக்களைல இருக்குங்க," என்றார் கினுயோ அமைதியாக. "இதக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் எழுந்திரிக்கப் போறதில்ல."