வீரபாண்டியின் தூரப்பார்வை

தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வீரபாண்டிக்கு யானைக் காவல் வேலை. எதிர்மலையில் மூங்கில் அசைந்தால் அது காற்றா யானையா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவான். கழுகுக் கண்ணன் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பெயர். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதெல்லாம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கலங்கலாகத்தான் தெரியும். அதை ஒரு குறையாக அவன் நினைத்ததில்லை.

ஒரு மழைநாளில் அவன் மனைவி சின்னத்தாய் கொழுந்து பறித்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்தாள். குதிகாலில் முள்.

"மக பூமாரி வரட்டும், அவ எடுப்பா," என்றாள்.

"ஏன், எனக்குக் கண்ணில்லையா?"

காலை மடியில் வைத்துத் தடவித் தடவி ஊக்கால் நெம்பினான். ஏதோ ஒன்று விரலில் ஒட்டி வந்தது.

"முழுசா வந்துருச்சா? நல்லாப் பாத்தீகளா?"

"வந்துருச்சு புள்ள."

அடுத்த வாரம் அவளுக்குத் தாடை இறுகிக்கொண்டது. கம்பளியில் தூளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் குதிகாலைக் கீறி, உள்ளே முறிந்து கிடந்த முள்ளை எடுத்தார். அதற்குள் விஷம் உடம்பெல்லாம் ஏறியிருந்தது. மறுநாள் விடியும்போது சின்னத்தாய் போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும் டாக்டர் அவனைக் கூப்பிட்டனுப்பினார். எதிர்மலையில் மேயும் மாட்டின் நிறத்தைக் கேட்டார், சரியாகச் சொன்னான். அவன் கை நகத்தில் இருந்த அழுக்கைக் கேட்டார், தெரியவில்லை.

"இதுக்குத் தூரப்பார்வைன்னு பேரு."

"அது நல்லதுதானுங்களே ஐயா?"

"பேருதான் அப்படி. தூரத்துல உள்ளது தெரியும், கிட்ட உள்ளது மங்கும். வயசானா வர்ற வெள்ளெழுத்து வேற. உனக்குப் பொறவியிலேயே கண்ணு இப்படி. கண்ணாடி போட்டாத் தெரியும்."

"முன்னமே போட்டிருந்தா அந்த முள்ளு தெரிஞ்சிருக்குமா?"

டாக்டர் கண்ணாடிக்குச் சீட்டு எழுதினார்.

மதுரையிலிருந்து கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கஞ்சி ஊற்றக் குனிந்த மகள் பூமாரியின் முகம் முதல்முறையாகக் கிட்டத்தில் தெளிந்தது. உதட்டுக்குக் கீழே எள்ளளவு ஒரு மச்சம்.

"இது எப்பப் புள்ள வந்துச்சு?"

"பொறந்ததுலருந்தே இருக்குப்பா. அம்மாவுக்கும் இருந்துச்சே."

அவன் கேட்டான்:

"அவளுக்கு எந்தப் பக்கம் புள்ள?"

பூமாரி அவன் விரலைப் பிடித்துத் தன் உதட்டுக்குக் கீழே வைத்தாள்.

"இந்தப் பக்கந்தாம்பா."