கறி தளும்பாத வண்டி

பெரிய தேக்சா அண்டாக்களில் விருந்துக்குக் கறி சமைத்து ஏற்றிப்போகும் ஷரபுதீன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. தோட்டத்துச் சாலையில் போகும்போது கறி தேக்சாவுக்குள் இருக்குமா, வெளியே வருமா? ஈப்போவில் பிக்கப் விற்றுப் பிழைக்கும் ஒருவனுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

விற்பனையாளன் ஜெயபாலன் வாயைத் திறந்தால், குழியில் விழும் அதிர்ச்சியை வாங்கும் அப்சோபர்தான் வந்தது. ஒரே பிக்கப்பில் கரடுமுரடுப் பாதைக்கென்று இரண்டு ரகம். மலிவான ரகத்துக்குப் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. உயர்ந்த ரகத்துக்குச் சுருள் ஸ்பிரிங், கூடவே தனி எண்ணெய்க் குடுவை வைத்த பந்தய அப்சோபர். அது பாலைவனத்தில் பறக்கும் என்றான். பேராக்கில் பாலைவனம் எந்தப் பக்கம் என்று ஷரபுதீன் விசாரித்தார். அவன் சிரித்துவிட்டு மறுபடியும் அப்சோபரிலிருந்து தொடங்கினான்.

மனைவி மெஹ்ரீன் ஒருநாள் கூட வந்து இரண்டு வண்டியிலும் உட்கார்ந்து பார்த்தாள். திரும்பி வரும்போது தேக்சா எல்லாம் காலியாக இருக்கும், முன்சீட்டில் தானும் இருக்கப்போவதால் தன் இடுப்பையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது என்றாள். இடுப்பு கொட்டிப் போகாது, கறிதான் கொட்டும் என்று ஷரபுதீன் அந்தப் பேச்சை அங்கேயே முடித்தார்.

அவர் பயம் அவருக்கு. காம்பார் பக்கத்தில் ஒரு காலத்தில் ரப்பர் நின்ற தோட்டம், இப்போது செம்பனை. குலை ஏற்றும் லாரிகள் ஓடி ஓடிச் சாலை அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல ஆகிவிட்டது. அங்கே முன்பு காளியம்மா என்ற பெண்மணியின் மூத்த மகள் கல்யாணத்துக்கு மறுநாள் ஆட்டுக்கறி விருந்து. ஷரபுதீன் மூடிகளை மைதா மாவு பூசி ஒட்டித்தான் ஏற்றினார். பாதி வழியில் மாவு பெயர்ந்தது, மூடி பறந்தது, கறி பழைய வேனின் தரையில் விருந்து வைத்தது. வந்தவர்கள் ரசமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். காளியம்மா அந்தக் கதையைத் தோட்டம் தோட்டமாகச் சொல்லி முடித்தபோது, அந்த வட்டாரத்தில் ஷரபுதீனை அழைக்க ஒரு வீடு மிச்சமில்லை.

இப்போது இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். வேனைக் கழுவிய அன்று எழுந்த கறி வாசனையைத் தோட்டத்தில் யாரும் மறக்கவில்லையாம், அந்தக் கறிதான் வேண்டுமாம். காளியம்மாவே போன் செய்தாள்.

"நானா, இந்தத் தடவ கறி எலையில விழணும். வண்டியில விழுந்துச்சுன்னா, இந்தப் பக்கம் நீங்க பொணத்துக்குக்கூட வர வேணாம்லா."

ஷரபுதீன் மளிகைக் கடைக்காரர்கள் நடுவே வளர்ந்தவர். அவர் அத்தா மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அரிசியை அள்ளுவார், வாயில் போட்டு மெல்லுவார், முழு லோடுக்கும் விலை சொல்லுவார். ஒரு தடவையும் ஏமாந்ததில்லை. அதே முறைதான் சரி என்று மகனுக்கும் பட்டது. ஒரு தேக்சாவில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, வண்டியின் பின்னால் வைத்து, அதே சாலையில் ஓட்டிப் பார்ப்பது. ஒரு தேக்சா எப்படியோ அப்படித்தானே மற்றதும்.

முதல் நாள் உயர்ந்த ரகம். ஜெயபாலன் ஓட்ட, ஷரபுதீன் பின்கண்ணாடி வழியே தேக்சாவையே பார்த்துக்கொண்டு வந்தார். தண்ணீர் லேசாக அசைந்தது, ஒரு வாய் சிந்தியிருந்தால் அதிகம். அந்த ரகத்தின் விலைக்கு ஒரு சாப்பாட்டுக் கடையே போட்டுவிடலாம்.

மறுநாள் மலிவான ரகம். முதல் பாலம் தாண்டுவதற்குள் தண்ணீர் துள்ளித் துள்ளிப் பாதி தேக்சா காலி. வண்டியும் ஆட்டுக்குட்டிபோலக் குதித்தது. தோட்டத்துக் கோயில் குழாயில் மறுபடி நிரப்பும்போது, வேறு வழியில்லை, உயர்ந்ததையே வாங்கித் தொலைப்போம் என்று முடிவு செய்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் காளியம்மா வந்தாள். கூடவே சொந்தக்காரப் பெண்கள் ஒரு கூட்டம், காலி கேஸ் சிலிண்டர் நாலு, பழைய அரிசி மூட்டை இரண்டு, உடம்பில் குறை வைக்காத மைத்துனன் கனகராஜ். பெரிய சாலைக்குப் போகணும், பஸ் பிடிக்கணும் என்றாள். சோதனை நடக்கிறது என்று ஷரபுதீன் சொல்வதற்குள் எல்லாரும் ஏறித் தேக்சாவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். தோட்டத்தில் காலி வண்டியோடு போகிறவன் ஏற்றிக்கொள்ளாமல் போனால் அதுவும் ஒரு கதையாகிவிடும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பாலம் தாண்டியது, பெரும்பள்ளம் தாண்டியது. தேக்சாவில் தண்ணீர் விளிம்பில் அப்படியே நின்றது.

வண்டியை நிறுத்தச் சொன்னார். எல்லாரையும் இறக்கினார். கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னார், தண்ணீர் எகிறியது. திரும்பி வந்து ஏற்றினார், அடங்கியது. மறுபடி இறங்கச் சொன்னபோது காளியம்மா இடுப்பில் கையை வைத்தாள்.

"நானா, ஏறவா எறங்கவா? ஒண்ணு சொல்லுங்க. கல்யாண வேல தலைக்கு மேல கெடக்கு."

ஷரபுதீன் ஜெயபாலன் பக்கம் திரும்பினார். "பாரம் ஏறுனா பட்டை ஸ்பிரிங் அடங்கிரும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்ணே. சுமைக்குன்னே செஞ்சதுதானே அது."

"அப்ப அந்த ஒசந்தது?"

"அது வெறுமனே ஓட சுகம். உங்க அத்தன தேக்சாவும் ஏத்துனா பின்பக்கம் குந்திரும். கப்பல் மாதிரி ஆடும்."

"இத ஏன்டா நீ மொதல்லயே சொல்லல?"

"கறி கொட்டுமான்னுதான் கேட்டீங்க. எவ்ளோ கறின்னு சொல்லவே இல்லயேண்ணே. ஒரு தேக்சாவத் தூக்கிட்டு வந்தீங்க, அவ்ளோதான் வியாபாரம்னு நெனச்சேன்."

அரிசிக்குப் பொருந்திய ஒரு பிடிக் கணக்கு ஸ்பிரிங்குக்குப் பொருந்தவில்லை. இதை அத்தாவிடமும் சொல்ல முடியாது, மெஹ்ரீனிடமும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கே உட்கார்ந்து, தண்ணீர் எகிறிய பாவத்தையெல்லாம் வண்டியின் தலையில் கட்டி, மலிவானதையும் இன்னும் மலிவாக்கி, தார்ப்பாய் ஒன்றை இலவசமாக வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.

விருந்து நாளில் கறி இலையில் விழுந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. காளியம்மா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவது மகளுக்கும் இப்போதே சொல்லி வைத்தாள்.

திரும்பும் பயணத்தில்தான் வினை. காலி தேக்சாக்கள் பின்னால் மேளம் கொட்டின. வண்டி ஒவ்வொரு குழிக்கும் ஒரு குதி குதித்தது. முன்சீட்டில் மெஹ்ரீன் ஒரு கையால் கூரையையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பாலத்தருகே அவள் வாயைத் திறந்தாள். "கறிக்கு வண்டி பாத்தீங்க, சரி. கறி எறங்கிருச்சு. நான் இன்னும் எறங்கலயே?"

ஷரபுதீன் பிரேக்கை மிதித்தார். சாலையோரம் விருந்து முடிந்து நடந்துகொண்டிருந்த கூட்டத்தில் கனகராஜின் அகலமான முதுகு தெரிந்தது. அவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"ஏறுங்க, ஏறுங்க. எல்லாரும் ஏறுங்க. நீ மொதல்ல ஏறுப்பா கனகராஜ், நல்லா பின்னால போய் உக்காரு."

அன்றிலிருந்து அந்தச் சாலையில் நடந்து போகிற யாரையும் ஷரபுதீன் விடுவதில்லை. வேண்டாம் என்பவர்களைக்கூடக் கெஞ்சி ஏற்றுகிறார். நானா மாதிரி மனசு யாருக்கும் வராது என்று காளியம்மா இப்போது தோட்டம் தோட்டமாகச் சொல்லி வருகிறாள்.