எழுபத்தேழாம் கொக்கி

ஓபரா அரங்கின் முகப்புக் கூடத்தில் நாற்பத்திரண்டு சட்டங்கள் வரிசையாகத் தொங்கின. அத்தனையும் அவள் கணவர் முப்பத்தொரு வருஷம் சேர்த்த, பாடகர்கள் கையெழுத்திட்ட படங்கள். அவர் போய் எட்டு மாதமாகிறது. அரங்கின் நூற்றாண்டு விழாவுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். அவளே ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். நான்கு மணிக்கு அரங்கத் தலைவி திறந்துவைக்கிறார். அதற்குள் ஒரு நடை பார்த்துவிடலாமென்று இரண்டு மணிக்கே வந்திருந்தாள்.

முதல் படத்தில் தொப்பியைச் சாய்த்து வைத்த பருமனான பாடகர். கையெழுத்து இருந்தது, கீழே இருக்க வேண்டிய வரியைக் காணோம். அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. படத்தைச் சுற்றிப் போட்ட வெள்ளை அட்டை அந்த ஒரு வரியை மட்டும் அளந்து விழுங்கியிருந்தது.

எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: ‘எழுபத்தேழுக்கு.’

அவர் இதே அரங்கின் கோட்டு அறையில் வேலை பார்த்தவர். வருகிறவர்களின் கோட்டை வாங்கிக் கொக்கியில் மாட்டி, எண் போட்ட பித்தளை வில்லையைக் கொடுப்பது வேலை. எழுபத்தேழாம் கொக்கி கோணலாகி, மாட்டிய துணியைக் கிழிக்கும். அதில் தன் கோட்டை மட்டும் மாட்டுவார். அதனால் அதுவே அவர் பெயரானது. ஊரெல்லாம் புதுப் பாடகர்களின் பின்னால் ஓடும்போது, இவர் பாட்டை விட்டு நாற்பது வருஷமானவர்களின் வீட்டுக் கதவைத் தட்டுவார். “அவங்க எங்க போகப் போறாங்க? இவங்கதான் போயிடுவாங்க” என்பார்.

நாற்பத்திரண்டாவது படமல்ல, வெறும் அட்டை. தொண்ணூற்றொரு வயதில் கண் தெரியாமல் முதியோர் இல்லத்தில் இருந்த பாடகி போட்டது. முதலில் நீட்டிய இரண்டு அட்டைகளிலும் பேனா விளிம்பைத் தாண்டி மேசைக்கு ஓடிவிட்டது. மூன்றாவது அட்டையில் இவள் சிவப்பு நூலால் ஒரு கோடு தைத்துக் கொடுத்தாள். பாடகி இடது விரலால் நூலைத் தடவிக்கொண்டே அதன்மேல் நேராகக் கையெழுத்திட்டார். இப்போது நூல் இல்லை; எறும்பு வரிசை மாதிரி ஊசித் துளைகள் மட்டும் இருந்தன.

“எப்படிம்மா இருக்கு?” மேலாளர் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். “ஒண்ணுல ஏதோ நூல் தொங்கிட்டிருந்தது. எடுத்துச் சுத்தம் பண்ணிட்டோம்.”

“வரி எங்க சார்?”

அவர் குரலை இறக்கினார். “பாக்குறவங்க யார் அந்த எழுபத்தேழுன்னு கேப்பாங்க. ஊழியர்கள் கையெழுத்து கேக்கக் கூடாதுன்னு இன்னைக்கும் விதி இருக்கும்மா. நாங்களே அதை மாட்டி வைக்க முடியுமா? கீழே ‘அரங்கின் சேகரிப்பு’ன்னு போட்டிருக்கோம், பாருங்க, கௌரவமா.”

“கௌரவம் யாருக்கு?”

“கோபப்படாதீங்க. நீங்கதானே குடுத்தீங்க?”

“பாக்கக் குடுத்தேன். அவரை அழிக்கக் குடுக்கல.”

அவள் முதல் சட்டத்தைக் கழற்றிக் கவிழ்த்தாள். துணி தைக்கிறவள்; பையில் கத்தரி எப்போதும் உண்டு. அதன் நுனியால் பின்பக்கத் தகடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் படத்தை உருவினாள்.

“தலைவி நாலு மணிக்கு வர்றாங்கம்மா!”

“வரட்டுமே. நல்லா வரட்டும்.”

காவலாளியைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று தவித்துவிட்டு, மேலாளர் தொலைபேசியைத் தேடி ஓடினார்.

நாற்பத்திரண்டு சட்டங்களையும் காலி செய்துவிட்டு, படங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் நேராகக் கோட்டு அறைக்குப் போனாள். வெயில் காலம், ஒரு கோட்டும் இல்லை, கொக்கிகளெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அவர் இடத்தில் இப்போது வேலை பார்ப்பது அவருடைய தம்பிதான்.

“வில்லை மாட்டுற கிளிப்பு எத்தனை இருக்கு?”

கொழுந்தன் அவள் முகத்தைப் பார்த்தான். “அண்ணி, எனக்கு ரெண்டு பிள்ளைங்க.”

“நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சாதான் கிளிப்புப் பெட்டியைக் காட்டுவியா?”

அவன் பெட்டியை நகர்த்தினான். பிறகு, “இருபதாம் கொக்கி உங்களுக்கு எட்டாது, குடுங்க” என்று கையை நீட்டினான்.

மேலாளர் திரும்பி வந்தபோது படங்கள் கொக்கிக்கு ஒன்றாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் அந்த வரி பளிச்சென்று தெரிந்தது. “இது கண்காட்சிக் கூடம் இல்லம்மா!”

“மாட்டுற இடம்தானே? மாட்டியிருக்கேன்.” அவள் தலை நிமிரவில்லை. கண் தெரியாத பாடகியின் அட்டையில், பழைய துளைகள் வழியாகவே சிவப்பு நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட்டு, எழுபத்தேழாம் கொக்கியில் மாட்டினாள்.

அவள் பையில் இன்னும் ஒரு காகிதம் மிச்சமிருந்தது. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் ஒட்டி வைத்திருந்தது; ஆல்பத்தைக் கொடுக்குமுன் அவள் எடுத்து வைத்துக்கொண்டது. அதை எழுபத்தெட்டில் மாட்டினாள். அதைப் பார்த்த மேலாளர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

சரியாக நான்கு மணிக்குத் தலைவி வந்தார். வெறும் சட்டங்களைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார், விழாவுக்கு வந்தவர்கள் கூடி நின்ற பக்கம் திரும்பிக் கோட்டு அறைக்கு வந்தார். கொக்கி கொக்கியாகப் படித்துக்கொண்டே போனார்.

“யார் இந்த எழுபத்தேழு?”

அவள் தன் கணவர் வேலை நேரத்தில் நிற்கும் இடத்திலேயே, இரண்டு கையையும் பலகைமேல் ஊன்றி நின்றாள். “என் வீட்டுக்காரர். கையெழுத்து கேக்கக் கூடாதுங்கிற விதியை நாற்பத்திரண்டு தடவை மீறினவர்.”

“நாற்பத்து மூணு இருக்கே?”

“கடைசியை அவர் கேக்கல. அது, அப்படிக் கேட்டதுக்கு அவருக்கு வந்த எச்சரிக்கைக் கடிதம். இதுலயும் கையெழுத்து இருக்கேன்னு சேத்து ஒட்டிட்டார்.” அவள் மேலாளர் பக்கம் திரும்பினாள். “கையெழுத்து சாரோடதுதான். இதையும் மறைக்கணுமா சார்?”