பழகிக்கொண்டிருந்தவன்

வெர்னா பீல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலில் சிங்கிறால் பிடிப்பவள். அன்று பொறிக்கூடுகளைக் கடலிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தபோது, கரையிலிருந்து வெகுதூரத்தில் தண்ணீர் நிரம்பிக் கிடந்த, கயாக் என்னும் சிறு துடுப்புப் படகொன்றையும், அதைக் கட்டிப்பிடித்து மிதந்த லோவெலையும் கண்டாள். ஊரில் கயாக் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவனே அவன்தான். தன் படகைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“ஏறுறியா, லோவெல்?”

“வேணாம் வெர்னா. விழுந்தா எப்படி ஏறுறதுன்னு பழகிட்டிருக்கேன்.”

“சரி, பழகு.”

வெர்னா காபியை ஊற்றிக்கொண்டு, அவன்மேல் ஒரு கண் வைத்தபடி உட்கார்ந்தாள். அவன் ஏறப் பார்த்தபோதெல்லாம் அலை அவனைப் புரட்டிப் போட்டது. உதடு நீலம் பாரித்தது, பற்கள் தந்தியடித்தன.

“இன்னைக்கு இது போதும்னு நினைக்கிறேன்,” என்றான் கடைசியில்.

வெர்னா அவனை மிதவைச் சட்டையோடு பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். கூடு தூக்கும் கப்பியிலேயே கயாக்கையும் தூக்கிக் கவிழ்த்து, தண்ணீரைக் கொட்டினாள். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவனுக்குப் போர்த்திவிட்டாள்.

படகுத்துறை கண்ணில் பட்டதும் லோவெல் நெளிந்தான்.

“எங்கிட்ட படிக்கிறவங்க எல்லாம் அங்க நிப்பாங்க. கொஞ்சம் முன்னாடியே இறக்கி விட்டுடுறியா?”

“தண்ணியிலயா?”

லோவெல் தண்ணீரை எட்டிப் பார்த்தான்.

“வேணாம், கரைக்கே போ,” என்றான்.